பெல்ஜிய ஒளி ஓவியங்களை நேரில் பார்க்க: முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெல்ஜிய ஓவியர் எமில் கிளவுஸ் வரைந்த மாடுகளைப் பார்க்க நான் இரண்டு தடவை பெல்ஜியம் போக வேண்டியிருந்தது. முதல் தடவை ஒரு நவம்பர் மாதம். அலுவலக வேலையாக ஜெர்மனி போனவன், இரண்டு நாள் விடுப்பைச் சேர்த்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன். போய் இறங்கியது திங்கட்கிழமை, அருங்காட்சியகம் பூட்டியிருந்தது. மறுநாள் இன்னோர் ஊரில் கதவு திறந்திருந்தது, ஆனால் நான் தேடி வந்த படம் சுவரில் இல்லை. வேறொரு கண்காட்சிக்குப் போயிருக்கிறது என்று வரவேற்பு மேசையில் இருந்தவர் சொன்னார். சரி, கிளவுஸ் வரைந்த லெய்ய ஆற்றையாவது பார்ப்போம் என்று கரைக்குப் போனால், மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிட்டது.

ஒன்றரை வருடம் கழித்து ஜூன் மாதத்தில் மறுபடியும் போனேன். இந்தத் தடவை ஐந்து நாள், ஒவ்வொன்றையும் முன்கூட்டியே விசாரித்து. பார்க்க நினைத்ததில் ஏறக்குறைய எல்லாம் கிடைத்தது. இரண்டு பயணங்களுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. பெயர்களைச் சரியாகப் பிடியுங்கள்

கிளவுஸ் பெயரைத் தேடும்போது 'சி' எழுத்தில் தொடங்குங்கள்: சி, எல், ஏ, யு, எஸ். 'கே' போட்டால் வேறு யார் யாரோ வருவார்கள்.

அடுத்த சிக்கல், இந்த ஒளி ஓவியப் பாணிக்கான 'லுமினிசம்' என்ற சொல். அதை மட்டும் இட்டுத் தேடினால் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க நிலக்காட்சிகள்தான் வரும். அலையே இல்லாத ஏரி, தூரிகைத் தடம் தெரியாத வழவழப்பான வானம். நாம் தேடுவது அதற்கு நேர் எதிரானது. பெல்ஜிய ஓவியர்கள் வண்ணத்தைத் துண்டு துண்டாக, கையால் தடவினால் நெருடும்படி வைத்தார்கள். நிழலுக்குக் கறுப்பைத் தொடாமல் ஊதாவும் நீலமும் எடுத்தார்கள். சூரியனைத் தங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளாமல் எதிரே வைத்து வரைந்தார்கள். ஸ்பெயினின் வாலென்சியாவிலும் நெதர்லாந்திலும் இதே பெயரில் தனித்தனிப் போக்குகள் உண்டு. ஆகவே 'பெல்ஜியம்' என்ற சொல்லைச் சேர்த்தே தேடுங்கள்.

கிளவுஸோடு நின்றுவிடாதீர்கள். அவரும் நண்பர்களும் 1904-ல் 'வீ எ லூமியேர்' என்று ஒரு குழு தொடங்கினார்கள். வாழ்வும் ஒளியும் என்று பொருள். அந்த வட்டத்தில் ஜென்னி மோன்டின்யியை நான் முதலில் சொல்வேன். டூர்ல கிராமத்துப் பள்ளிக்கூட வாசலில் விளையாடும் பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப வரைந்தவர். அன்னா டெ வேர்ட் தோட்டங்களையும் ஆற்றங்கரையையும் வரைந்தார். ஜோர்ஜ் பாய்ஸ கால்வாய்களை, மொடெஸ்ட் ஹாய்ஸ் ஆளிச்செடி (லினன் துணிக்கு நார் தரும் செடி) வயல்களை. பெண்கள் இருவரும் கிளவுஸிடம் கற்றவர்கள் என்பதால் 'மாணவி' என்ற ஒற்றைச் சொல்லில் அவர்களைக் கடந்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை. மோன்டின்யியின் பிள்ளைகள் ஓடுகிற வேகம் கிளவுஸ் படங்களில் கிடையாது.

ஒரு பெரிய குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கென்ட் நகருக்குப் பக்கத்தில் சின்ட் மார்டன்ஸ் லாதம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 'லாதம் ஓவியர்கள்' என்ற பெயரைப் பார்த்ததும் இவர்கள்தான் அவர்கள் என்று நினைத்துவிடுவோம். அந்தப் பெயர் முக்கியமாக வேறு இரண்டு குழுக்களைக் குறிக்கிறது. ஒன்று ஜோர்ஜ் மின்ன, குஸ்தாவ் வான் டெ வூஸ்டேன முதலியவர்களின் குறியீட்டுப் பாணி. மற்றது பெர்மேக, குஸ்தாவ் டெ ஸ்மெட் முதலியவர்களின் கனத்த, இருண்ட பாணி. ஆறு ஒன்று, ஊர்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், ஆனால் ஓவியம் வேறு. 'லாதம்' என்ற பெயரை மட்டும் நம்பி ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனால் வெயிலே இல்லாத படங்களின் முன்னால் நிற்பீர்கள். அவையும் நல்ல படங்கள்தான். ஆனால் நீங்கள் வந்தது அதற்காக அல்ல.

2. எந்தப் படம் எந்த ஊரில் என்று பட்டியல் போடுங்கள்

விசாவுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. பட்டியல் இருந்தால்தான் எத்தனை நாள், எந்த ஊரில் தங்குவது என்பதெல்லாம் தெரியும். நான் போட்ட பட்டியலின் சுருக்கம்:

டெய்ன்ஸ. கென்டுக்குத் தென்மேற்கே உள்ள சிறு ஊர். இங்கே டெய்ன்ஸ, லெய்ய ஆற்றுப் பகுதி அருங்காட்சியகத்தில் 1890-ல் வரைந்த 'பீட்கிழங்கு அறுவடை' இருக்கிறது. ஒரு சுவரையே எடுத்துக்கொள்ளும் பெரிய படம். இந்த ஒன்றுக்காகவே டெய்ன்ஸ போகலாம்.

கென்ட். நுண்கலை அருங்காட்சியகத்தில் 1891-ஆம் ஆண்டின் 'மீன்கொத்திகள்' இருக்கிறது. தலைப்பைப் பார்த்துப் பறவைகளைத் தேடாதீர்கள். டச்சு மொழியில் மீன்கொத்திக்குப் 'பனிப்பறவை' என்று பெயர். படத்தில் இருப்பது உறைந்த நீர்மேல் விளையாடும் பிள்ளைகள்.

பிரசல்ஸ். அரச நுண்கலை அருங்காட்சியகங்களின் சேகரிப்பில் 1899-ல் வரைந்த 'லெய்ய ஆற்றைக் கடக்கும் மாடுகள்'.

ஆன்ட்வெர்ப். அரச நுண்கலை அருங்காட்சியகத்தில் 1887-ஆம் ஆண்டின் 'ஃபிளாண்டர்ஸில் ஆளிச்செடிக் களையெடுப்பு'. இந்த அருங்காட்சியகம் 11 ஆண்டு சீரமைப்புக்குப் பிறகு 2022 செப்டம்பரில்தான் மறுபடியும் திறந்தது. அதற்கு முன் எழுதிய பயணக் குறிப்புகளை நம்ப வேண்டாம்.

லீயேஜ். லா பொவெரி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் 1885-ஆம் ஆண்டின் 'வயதான தோட்டக்காரர்'. கையில் பூந்தொட்டியோடு வெறுங்காலில் நிற்கிற மனிதர், ஏறக்குறைய ஆள் உயரம். நாள் இருந்தால் மட்டும் போங்கள். கென்டிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

பாரிஸ் வழியாகப் போகிறவர்கள் ஓர்சே அருங்காட்சியகத்தில் 1899-ஆம் ஆண்டின் 'சூரியக் கதிர்' என்ற படத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அட்டைகளிலும் இணையத்திலும் அடிக்கடி வரும் 'பிக்னிக்' படத்தை எந்த ஊர் அருங்காட்சியகத்திலும் தேடி அலையாதீர்கள். ஆற்றின் இந்தக் கரையில் கிராமத்து மக்கள், அந்தக் கரையில் உல்லாசமாக உட்கார்ந்திருக்கும் நகரத்துப் பணக்காரர்கள் என்று அமைந்த அந்தப் படம் பெல்ஜிய அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

பட்டியல் போட்டாயிற்று. ஆனால் ஒரு படம் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமாக இருப்பது வேறு, நீங்கள் போகிற நாளில் அது சுவரில் தொங்குவது வேறு. என் முதல் பயணம் வீணானது இந்த வித்தியாசம் தெரியாததால்தான். படங்கள் இரவல் போகும், சீரமைப்புக்குப் போகும், அரங்கை மூடினால் கிடங்குக்குப் போகும். ஆகவே புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பு ஒவ்வோர் அருங்காட்சியகத்துக்கும் ஒரு சிறிய மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆங்கிலமே போதும். ஓவியர் பெயர், டச்சு மொழியில் படத்தின் தலைப்பு, வரைந்த ஆண்டு, அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலில் அந்தப் படத்துக்குக் கொடுத்திருக்கும் பதிவு எண், நீங்கள் வரும் தேதி. ஐந்தும் இருந்தால் நாலு வரியில் கடிதம் முடிந்துவிடும். பதிவு எண் இல்லாமல் 'கிளவுஸ் படங்கள் இருக்கின்றனவா' என்று மொத்தமாகக் கேட்டால் 'இருக்கின்றன' என்று மொத்தமாகத்தான் பதில் வரும். எனக்கு அப்படித்தான் வந்தது. எண் போட்டுக் கேட்ட பிறகு எந்த அரங்கு என்பது வரை சொன்னார்கள். புறப்படும் வாரத்தில் இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். பிரசல்ஸில் அரங்குகளைப் பகுதி பகுதியாக மூடுவது உண்டு; அங்கே இரண்டாம் மின்னஞ்சலைத் தவற விடாதீர்கள்.

3. மாதத்தை ஓவியத்தை வைத்து முடிவு செய்யுங்கள்

பெல்ஜியம் ஏறக்குறைய 51-ஆம் வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் மூன்றாம் வாரத்தில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும். நண்பகலில்கூட அடிவானத்திலிருந்து 15 பாகைக்குச் சற்று மேலேதான் ஏறும். உச்சி வெயிலில் வளர்ந்த நமக்கு இது பழக்கமில்லாத வெளிச்சம். கிளவுஸ் படங்களில் மரநிழல் வயல் முழுக்க நீண்டு கிடப்பதைப் பார்த்து, ஓவியர் கொஞ்சம் கூட்டி வரைந்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அங்கே நின்றபோதுதான் அவர் எதையும் கூட்டவில்லை என்று தெரிந்தது.

என்னைக் கேட்டால் ஜூன் மாதத்தின் முதல் மூன்று வாரம்தான் நல்லது. மாலை வெளிச்சம் நாலைந்து மணி நேரம் நீடிக்கும். ஆளிச்செடி நீலப் பூ பூப்பதும் அப்போதுதான். அந்தப் பூவைப் பார்க்க வேண்டுமானால் காலையிலேயே வயலுக்குப் போய்விடுங்கள். ஒவ்வொரு பூவும் காலையில் விரிந்து மதியத்துக்குள் உதிர்ந்துவிடும். கோர்ட்ரெய்க் நகரில் ஆளிநாருக்கும் லெய்ய ஆற்றுக்கும் என்றே 'டெக்ஸ்சர்' என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. வெட்டிய ஆளிக்கட்டுகளை இந்த ஆற்றில்தான் ஊறப் போட்டார்கள். களையெடுப்புப் படத்தில் பெண்கள் மண்டியிட்டு என்ன செய்கிறார்கள் என்பது அங்கே போய் வந்த பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

பீட்கிழங்கு அறுவடையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் அக்டோபர், நவம்பர். குளிரும் மழையும் சேறும் சேர்ந்தே வரும். அந்தப் படத்தின் சுபாவமும் அதுதான்.

ஜூலையில் ஒரு பொறி இருக்கிறது. கென்டில் ஜூலை 21-ஐ ஒட்டிப் பத்து நாள் ஊர்த் திருவிழா நடக்கும். அந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் வாடகை எகிறும்.

4. விசா

ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்; பெல்ஜியமும் அதில் ஒன்று) குடியிருப்பு அனுமதியோடு வாழ்கிறவர்களும், பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் குறுகிய கால ஷெங்கன் விசா வேண்டும்.

கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா கிடைக்காவிட்டால் எதுவும் திரும்பி வராது.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம் என்பது விதி. முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். ஜூன் பயணம் என்றால் மார்ச்சிலேயே நேரம் பதிவு செய்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கோடை விடுமுறைக் கூட்டத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு.

எடுத்துப்போக வேண்டியவை: இணையத்தில் நிரப்பி அச்சிட்டுக் கையெழுத்திட்ட விண்ணப்பம், கடைசி 10 ஆண்டுக்குள் வழங்கிய, நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடியாகும், 2 வெற்றுப் பக்கம் உள்ள கடவுச்சீட்டு, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல் நகல், அலுவலக விடுப்புக் கடிதம், தங்குமிட முன்பதிவு, விமானப் பயண முன்பதிவு. விமானச் சீட்டை விசா வருவதற்கு முன் பணம் திரும்பாத வகையில் வாங்காதீர்கள்.

பலரும் சறுக்குகிற இடம், எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்பது. எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பாரிஸில் நாலு நாள், பெல்ஜியத்தில் மூன்று நாள் என்று திட்டம் போட்டுவிட்டு பெல்ஜிய விசா கேட்டால் கேள்வி வரும்.

பயணத் திட்டக் கடிதத்தை 'சுற்றுலா' என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். நான் தேதிவாரியாக ஊர், அருங்காட்சியகம், பார்க்கப்போகும் படம் மூன்றையும் எழுதி, அருங்காட்சியகங்கள் அனுப்பிய பதில் மின்னஞ்சல்களையும் அச்சிட்டு இணைத்தேன். பத்தாம் நாள் விசா வந்தது. அந்தத் தாள்களால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கவுன்டரில் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

2025 அக்டோபர் முதல் ஷெங்கன் எல்லையில் புகைப்படமும் கைரேகையும் பதிவு செய்கிறார்கள். முதல் தடவை நுழைகிறவர்களுக்கு வரிசையில் நேரமாகும். இறங்கிய கையோடு வேறு நாட்டு ரயிலைப் பிடிக்கும்படி சீட்டு போட்டுவிடாதீர்கள்.

5. தங்குவது கென்டில்

பிரசல்ஸில் தங்கி ஒவ்வொரு நாளும் போய்வரலாம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எனக்குக் கென்ட்தான் வசதியாக இருந்தது. டெய்ன்ஸ ரயிலில் கால் மணி நேரம், பிரசல்ஸ் முக்கால் மணி நேரத்துக்குள், ஆன்ட்வெர்ப் ஒரு மணி நேரம். மாலையில் ஆற்றங்கரையில் இருட்டும்வரை நின்றாலும் சீக்கிரம் அறைக்குத் திரும்பிவிடலாம்.

ஊரில் இரண்டு முக்கிய ரயில் நிலையங்கள் உண்டு. உங்களுக்கு வேண்டியது கென்ட் சின்ட் பீட்டர்ஸ், டாம்போர்ட் அல்ல. பிரசல்ஸ் விமான நிலையத்திலிருந்தே கென்டுக்கு நேர் ரயில் இருக்கிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரம். விமான நிலையச் சீட்டில் ஒரு கூடுதல் கட்டணம் சேர்ந்தே வரும்.

உள்நாட்டு ரயில்களில் இருக்கை முன்பதிவு கிடையாது. அன்றைய சீட்டு இருந்தால் எந்த ரயிலிலும் ஏறலாம். ஆனால் சீட்டு இல்லாமல் ஏறி உள்ளே வாங்கினால் அபராதம் மாதிரி கூடுதல் பணம் கேட்பார்கள். செயலியிலோ இயந்திரத்திலோ முதலில் வாங்கிவிடுங்கள்.

ஊர்ப் பெயர்களைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். இந்த நாட்டில் பல ஊர்களுக்கு டச்சில் ஒரு பெயர், பிரெஞ்சில் ஒரு பெயர். டச்சு பேசும் பிளெமிஷ் பகுதிக்குள் ரயில் அறிவிப்பு பெரும்பாலும் டச்சில்தான். நீங்கள் லீயேஜ் போக வேண்டுமானால் பலகையில் 'லௌக்' என்று இருக்கும். கென்டுக்குப் பிரெஞ்சில் 'கான்', கோர்ட்ரெய்க்குக் 'கூர்ட்ரே'. ஆற்றுக்கும் அப்படியே, டச்சில் லெய்ய, பிரெஞ்சில் லிஸ். அருங்காட்சியகங்களின் இணையப் பட்டியலில் தேடும்போதும் இரண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள். ஒன்றில் கிடைக்காத படம் மற்றதில் கிடைக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. கென்ட் நகராட்சி 2009-லிருந்து வியாழக்கிழமையைச் சைவ நாளாகக் கொண்டாடுகிறது. அந்தப் பழக்கத்தால் எல்லா நாளும் சைவச் சாப்பாடு எளிதாகக் கிடைக்கிறது. தண்ணீருக்கு உணவகத்தில் தனியாகப் பணம் வாங்குவார்கள். குழாய்த் தண்ணீரையே பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம்.

6. நாட்களை அடுக்குவது

திங்கட்கிழமையைப் பயண நாளாக வையுங்கள். பெரும்பாலான அருங்காட்சியகங்கள் அன்று மூடியிருக்கும். சிறிய ஊர்களில் வார நாட்களில் மதியத்துக்கு மேல்தான் கதவு திறப்பார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் செய்தது இப்படி: செவ்வாய் கென்ட், புதன் பிரசல்ஸ், வியாழன் ஆன்ட்வெர்ப், வெள்ளி கோர்ட்ரெய்க், சனி டெய்ன்ஸவும் ஆறும். ஆற்றைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றே. படங்களை நாலு நாள் பார்த்த கண்ணோடு ஆற்றங்கரையில் நிற்க ஆசைப்பட்டேன்.

கென்ட் அருங்காட்சியகம் சிட்டாடல் பூங்காவில் இருக்கிறது, ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். பிரசல்ஸில் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி மேட்டில் பத்து நிமிடம் ஏறினால் போதும். ஆன்ட்வெர்ப்பில் சென்ட்ரல் நிலையத்திலிருந்து டிராம் பிடிப்பது நல்லது, நடந்தால் தூரம்.

நுழைவுக் கட்டணம் பெரிய அருங்காட்சியகங்களில் 10 முதல் 20 யூரோ வரை, சிறியவற்றில் அதைவிடக் குறைவு. நாடு முழுக்கச் செல்லும் ஆண்டு அனுமதி அட்டை ஒன்று விற்கிறார்கள். நாலைந்து இடம் மட்டும் போகிறவருக்கு அது பெரிதாக லாபம் தராது. பத்து இடம் போகிறவர் வாங்கலாம்.

7. படத்தின் முன்னால்

ஒரு படத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பிரசல்ஸில் மாடுகள் படத்தின் முன்னால் முதல் ஐந்து நிமிடம் நான் பத்தடி தள்ளி நின்றேன். மாடுகள் நீந்தி நம்மை நோக்கி வருகின்றன, தலையும் முதுகும் மட்டும் தண்ணீருக்கு மேலே. சூரியன் அவற்றுக்குப் பின்னால். முதுகின் ஓரம் மட்டும் பற்றி எரிகிற மாதிரி இருக்கிறது. அப்புறம் மெதுவாகக் கிட்டே போனேன். ஓர் எட்டுக்கு மாடு இருக்கிறது, அடுத்த எட்டுக்கு இல்லை. தண்ணீர் என்று நினைத்த இடத்தில் ஆரஞ்சு, ஊதா, வெளிர் பச்சை, வெள்ளை என்று ஈரச் சாந்து அப்பிய மாதிரி திட்டுத் திட்டாக வண்ணம். எந்தத் திட்டும் தண்ணீர் நிறத்தில் இல்லை. ஓர் எட்டு பின்னால் வந்ததும் மறுபடி ஆறு ஓடத் தொடங்கிவிட்டது. அந்த ஓர் எட்டு எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு படத்திலும் தேடிக் கண்டுபிடியுங்கள். கைப்பேசித் திரையில் அது கிடைக்காது.

பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். சுவர் விளக்கு சாய்வாக விழும்போது வண்ணத்தின் மேடு பள்ளம் நிழல் போடும்.

பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள், பெட்டகத்தில் வைக்க வேண்டும். படம் எடுக்கலாமா என்று நுழைவாயிலில் கேட்டுவிடுங்கள். அனுமதித்தாலும் ஃபிளாஷ், முக்காலி கூடாது.

8. படங்களைப் பிறகு பயன்படுத்துவது

நான் எடுத்த புகைப்படங்கள் எல்லாவற்றிலும் விளக்கின் பளபளப்பு விழுந்திருந்தது. பிறகுதான் தெரிந்தது, 'ஆர்ட் இன் ஃபிளாண்டர்ஸ்' என்ற இணையதளத்தில் பிளெமிஷ் அருங்காட்சியகங்களின் படங்கள் உயர்தரத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பதிப்புரிமைக் காலம் முடிந்தவற்றைப் பதிவிறக்கலாம்.

ஐரோப்பாவில் ஓவியர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை உண்டு. கிளவுஸ் 1924-ல் இறந்தார், மொடெஸ்ட் ஹாய்ஸ் 1932-ல், மோன்டின்யி 1937-ல், அன்னா டெ வேர்ட் 1950-ல். இவர்கள் படங்களுக்குத் தடையில்லை. இளமையில் இதே பாணியில் வரைந்த லியோன் டெ ஸ்மெட் 1966-ல்தான் இறந்தார். அவர் படங்களை 2036 முடியும்வரை அனுமதியில்லாமல் அச்சிடாதீர்கள்.

9. செலவு

ஒரு யூரோவுக்கு 100 ரூபாய் என்று மனக்கணக்கு வைத்துக்கொண்டேன். விமானத்துக்கு 68,000 ரூபாய், சென்னையிலிருந்து ஒரு மாற்றத்தோடு. விசா, காப்பீடு எல்லாம் சேர்த்து 14,000. தங்கும் விடுதியில் படுக்கை மட்டும் என்றால் ஓர் இரவுக்கு 40 யூரோ, சாதாரண ஹோட்டல் அறை 110 யூரோ; நான் ஆறு இரவில் நாலை விடுதியில் கழித்தேன். ரயிலுக்கு மொத்தம் 80 யூரோ, நுழைவுக் கட்டணம் 65, சாப்பாடு ஒரு நாளுக்கு 25. கென்டிலிருந்து பிரசல்ஸ் ஒரு வழிக்கு 10 யூரோவை ஒட்டி வரும், டெய்ன்ஸ அதில் பாதிக்கும் குறைவு.

10. ஆற்றங்கரை மாலை

கடைசி நாள் காலையில் கென்ட் நிலையத்தில் சைக்கிள் வாடகைக்கு எடுத்தேன், ஒரு நாளைக்கு 15 யூரோவுக்குள். சைக்கிளோடு ரயிலில் டெய்ன்ஸ போக அதற்கும் ஒரு சீட்டு வாங்க வேண்டும். அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, வெயில் சாய்ந்த பிறகு ஆற்றோரமாகவே கென்ட் திரும்பினேன். 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல், மேடே இல்லை. பாதைச் சந்திப்புகள் எல்லாவற்றுக்கும் எண் போட்டிருப்பார்கள். போக வேண்டிய எண்களை வரிசையாக ஒரு சீட்டில் எழுதிக் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டால் வழி கேட்கவே வேண்டாம். சரக்குப் படகுகள் டெய்ன்ஸவிலேயே கால்வாய்க்குப் பிரிந்துவிடுவதால் இந்தப் பகுதி ஆறு அமைதியாக, வளைந்து வளைந்து போகும்.

டெய்ன்ஸ தாண்டியதும் அஸ்டேன. கிளவுஸ் 1924-ல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு இங்கே இருக்கிறது, 'சூரிய ஒளி' என்று பெயர் வைத்திருந்தார். தோட்டத்திலேயே அவரைப் புதைத்திருக்கிறார்கள். தனியார் வீடு, ஆகவே வாசல் மணியை அடிக்காதீர்கள். வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு நகருங்கள். அடுத்து மோன்டின்யியின் டூர்ல, பிறகு சின்ட் மார்டன்ஸ் லாதம்.

இந்தத் திசையில் வந்தால் மாலைச் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். முன்னால் தெரிவது நன்றாக ஒளி விழுந்த சாதாரண வயல். கிளவுஸ் பார்த்ததைப் பார்க்க அடிக்கடி நின்று திரும்ப வேண்டும். லாதமுக்கு முன்னால் ஒரு வளைவில் ஒன்பது மணிக்குத் திரும்பிப் பார்த்தேன். வேலியோரம் நாலு மாடுகள். முகம் தெரியவில்லை. காதோரம் இருந்த மயிர் மட்டும் தங்கக் கம்பி மாதிரி நின்றது. புல்லின் நிழல் உண்மையிலேயே ஊதாவாக இருந்தது. நம்பாமல் கையை நீட்டி என் கை நிழலையும் பார்த்தேன், அதுவும் ஊதாதான். முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

அதனால் ஒன்று சொல்கிறேன். பத்து மணி வரை வெளிச்சம் இருக்கிறதே என்று சைக்கிள் விளக்கைக் கேட்டு வாங்காமல் வந்துவிடாதீர்கள். இருட்டிய பிறகு முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு அங்கே கட்டாயம். லாதமிலிருந்து நிலையம்வரை நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டேதான் நடந்தேன்.